நாலாவது தப்பு

எனக்குக் கோவம் வரும். முதல்லயே சொல்லிருதேன். பின்னால வந்து, "இவ்வளவு பதவிசாப் பேசுற பொம்பளையா இப்படிப் பண்ணுனா"ன்னு யாரும் வாயைப் பிளக்கக் கூடாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ நான். ட்ரங்க் கால் இருந்த காலத்துல கோவில்பட்டியில பாதிக் கடைக்காரங்களுக்கு என் குரல் தெரியும், மூஞ்சி தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் இந்த வயசுல, பழைய படங்களுக்கு விமர்சனம் பண்ணுதேன்னு கிளம்பினேன்.

வீட்டுல நான் ஒருத்திதான். கல்யாணம் பண்ணிக்கல. தம்பி மெட்ராஸ்ல இருக்கான். நல்ல நாளுக்குப் போன் பண்ணுவான், "உடம்பைப் பாத்துக்கோ"ம்பான், வச்சிருவான். ரிட்டயர் ஆன முதல் வருசம் பூரா டி.வி.யில பழைய படமாப் பார்த்துத் தள்ளினேன். பார்க்கிறதுல ஒரு கஷ்டமும் இல்ல. பார்த்து முடிச்சதும் அதைப் பத்தி யார்கிட்டயாவது சொல்லணும்னு வாய் நமநமங்கும் பாருங்க, அதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒருநாள் ஆரம்பிச்சேன். "அதெல்லாம் பழசுல்லா க்கா"ன்னுட்டு அவ மாவு அள்ளப் போயிட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. அன்னைக்கு மத்தியானமே போனை ரசப்பொடி டப்பா மேல சாய்ச்சு வச்சு, எதுத்தாப்ல உக்காந்து பேசிப் பழகினேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு உக்காருவேன். ஃபேனை அணைக்கணும், இல்லன்னா காத்து இரையுறதுதான் கேக்கும். சித்திரை மாசத்துல எங்க ஊர்ல ஃபேன் இல்லாம இருபது நிமிசம் உக்காந்து பாருங்க, தெரியும் சேதி. ஜன்னலைச் சாத்துனா வேர்த்து ஊத்தும், திறந்தா கரிசக்காட்டுப் புழுதி பூரா வீட்டுக்குள்ள. வெட்டி ஒட்டுற வேலையெல்லாம் எனக்கு வராது. ஒரே மூச்சாப் பேசுவேன். ஸ்டேஷன் பக்கம்ங்கிறதால நடுவுல ரயில் கத்தும், கத்தட்டும். தெருவுல ஆட்டுக் கூட்டம் போகும், போகட்டும். மூஞ்சியைக் காட்டுறதில்ல. ஒரு செம்பருத்திப் பூ படத்தைப் போட்டு, பின்னால குரல் மட்டும். அதை நான் திரும்பக் கேக்கவும் மாட்டேன். என் குரலை நானே கேட்டா எனக்கு ஆகாது. பேசினேன், ஏத்திவிட்டேன், சோலி முடிஞ்சது.

படத்துப் பேரு எதையும் இங்க எழுதப் போறதில்ல. பேரைச் சொன்னா நீங்க நான் சொல்லுற விசயத்தை விட்டுட்டுப் படத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவீங்க. பழைய படம் பார்க்கிற எங்க கூட்டத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?

சேனல்ல நூறு பேரு கூடச் சேரல. அதுலயும் கேக்கிறது பத்துப் பன்னெண்டு பேரு. மெனக்கெட்டுக் கீழ எழுதுறது ஒரே ஒருத்தர். கடம்பூர்க்காரர். எழுபது வயசு இருக்கும். மணியாச்சிப் பக்கம் ரயில்வே கேட்டுல கேட் கீப்பரா இருந்தவராம். நான் அண்ணாச்சின்னு கூப்பிடுவேன், அவிய என்னை அம்மான்னு எழுதுவாவ. முதல் தடவை எழுதும்போதே, "அம்மா, கேட்டேன், அருமை. பின்னால போகுதே ஒரு வண்டி, அது கூட்ஸு. பாதி வேகன் காலி"ன்னு எழுதியிருந்தாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. படத்தைப் பத்திச் சொல்லுங்கன்னா ரயிலைப் பத்திச் சொல்லுதாரே மனுசன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் விசயம் புரிஞ்சது. அண்ணாச்சி பாதிப் படத்தைப் பார்த்ததே கிடையாது. கேட்டை அடைச்சிட்டு, வண்டி வருற வரைக்கும் டிரான்சிஸ்டர்ல ஒலிச்சித்திரம் கேப்பாவளாம். வசனமும் பாட்டும் மட்டும் ஒலிபரப்புவாங்கல்லா, அது. அப்படிக் காதாலயே படம் படமாக் கேட்டு மனசுல வச்சிருக்காவ. அதனால தப்புக் கண்டுபிடிக்கிறதுல எமகாதகர். "அம்மா, நல்லாச் சொன்னீங்க. ஆனா அந்த வசனத்தைச் சொன்னது அண்ணன் இல்ல, சித்தப்பா. சித்தப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கும்." இப்படி வாரத்துக்கு ஒண்ணாவது வரும். நான் விடுவேனா? "இல்ல அண்ணாச்சி, அண்ணன்தான்"னு எழுதுவேன். அவிய பதில் எழுதுவாவ. நான் மறுபடி எழுதுவேன். புதன்கிழமை வரைக்கும் ஓடும். தப்பு என் பேர்லதான்னு நல்லாத் தெரிஞ்சாலும் ஒருநாளும் ஒத்துக்கிட்டது கிடையாது. ரெண்டு வருசம் இப்படிப் போச்சு. அந்தச் சண்டைதான் என் வாரம்னு அப்ப எனக்குத் தெரியல.

வினை ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துல வந்துச்சு. அதுல ஒரு பொண்ணுக்கு விடிஞ்சாக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்த வெங்கலக் குடத்துல கயித்தைக் கட்டிக் கிணத்துல இறக்குதா. கயிறு அறுந்து குடம் உள்ள போயிருது. அபசகுனம்னு சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திருதாங்க. கடைசி வரைக்கும் அவ அண்ணன் வீட்டுலயே ஒண்டியா இருந்து செத்துப்போறா. அதைப் பத்தி நான் உருகி உருகிப் பேசினேன். ஒரு முழம் கயிறு ஒரு பொம்பளையோட தலையெழுத்தை எப்படி அறுத்துட்டுது பாத்தீங்களான்னு கேட்டு, பேச்சுலயே அழுதுட்டேன்.

திங்கக்கிழமை காலையில அண்ணாச்சி எழுதியிருந்தாவ. "அம்மா, கயிறு அறுகல. அறுந்தா ஒரு சத்தம் வரும். அங்கன சத்தம் வரல, உருளை சுத்துறது மட்டும்தான் கேக்கும். அவளாத்தான் கையை விட்டுட்டா."

எனக்குக் குப்புன்னு ஏறிட்டுது. ஏன்னு சொல்லணும். எனக்கு இருபத்தாறு வயசுல தூத்துக்குடியில இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. ஜாதகம் சரியில்லாம தட்டிப்போச்சுன்னுதான் இன்னைக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். தட்டியெல்லாம் போகல. ஒருநாள் சாயங்காலம் எக்ஸ்சேஞ்சுல இருந்தே அவிய வீட்டுக்குப் போன் போட்டு, வேண்டாம்னு சொன்னது நான்தான். எங்க அம்மாவுக்குக் கூடத் தெரியாது. அந்த மனுசன் கடம்பூர்ல உக்காந்துக்கிட்டு, நாப்பது வருசமா நான் மூடி வச்சிருந்ததைத் திறந்த மாதிரி இருந்துச்சு. பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவிய படத்தைத்தான் சொன்னாவ.

இயர்போனை மாட்டி அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டேன். நாலு தடவை போட்டேன். அறுகல. அவ கை மெதுவாத் திறக்குது. இத்தனை தடவை கண்ணால பார்த்த நான் அதைப் பார்க்கவே இல்ல. அதுல எனக்கு இன்னும் கோவம். "உங்களுக்கு வேற சோலியே இல்லையா? படத்தைக் கண்ணால பார்க்கணும். ஊர்ல எல்லாரும் பார்த்ததைக் கேட் ரூம்ல உக்காந்து கேட்டவரு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்"னு எழுதினேன். அதோட விட்டேனா? அவிய பேரை அமுக்கினா, சேனல்ல இருந்து மறைக்கவான்னு கேட்டுச்சு. மறைச்சேன்.

அடுத்த ஞாயிறு ஒண்ணும் வரல. நிம்மதின்னு நினைச்சேன். அதுக்கடுத்த ஞாயிறும் வரல. திங்கக்கிழமை காலையில காபியை வச்சுக்கிட்டு வெறும் போனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். செவ்வாயும் அப்படியே. வீடு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. குக்கர் விசில் சத்தம் கூட அதிகமாக் கேட்டுச்சு. ஒரு நாள் பூரா நான் வாயைத் திறந்து சொன்னது, பால்காரர்கிட்ட "அரை லிட்டர் போதும்"ங்கிறது மட்டும்தான். அதை எண்ணிப் பார்த்தப்ப எனக்குப் பயமா இருந்துச்சு.

மூணாவது வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற செல்போன் கடைக்குப் போனேன். அங்கன இருக்கிற பொண்ணு எனக்கு நல்ல பழக்கம். "ஏட்டி, ஒருத்தரை மறைச்சிட்டா அவிய எழுதுறது எங்க போகும்?"னு கேட்டேன்.

"எங்கயும் போகாதும்மா. அவங்க எழுதுனது அவங்களுக்கு மட்டும் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

"மறைச்சிருக்குன்னு அவியளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. எல்லாரும் பார்க்கிறாங்கன்னு நினைச்சு எழுதிக்கிட்டே இருப்பாங்க."

எனக்கு அந்தக் கடையில நிக்க முடியல. வாய்க்கு வந்தபடி திட்டினா கூட மனுசன் திருப்பித் திட்டலாம். இது, எதிர்ல ஆள் இருக்குன்னு நம்பிச் சுவத்துகிட்டப் பேச விட்ட மாதிரில்ல இருக்கு. அங்கனயே அந்தப் பொண்ணை வச்சு மறைச்சதை எடுத்துவிடச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, மன்னிச்சிருங்கன்னு எழுத உக்காந்தேன். எழுதினா என்ன, கை ஒடிஞ்சா போகும்? எழுதுவேன், அழிப்பேன். பொறந்ததுல இருந்து நான் சொல்லாத வார்த்தை அது. வரவே இல்ல.

அதனால ஒரு கிறுக்குத்தனம் பண்ணினேன். தப்புச் சொன்னா வந்துதானே ஆகணும் அந்த மனுசன்? வேணும்னே தப்பாப் பேசினேன். முதல் வாரம் ஒரு மாமியாரைச் சித்தின்னு சொன்னேன். வரல. அடுத்த வாரம் மூணு தங்கச்சியை ரெண்டாக்கினேன், லாரி டிரைவரை பஸ் டிரைவராக்கினேன். வரல. அதுக்கடுத்த வாரம் கோர்ட்டுல விடுதலை ஆனவனைத் தூக்குலயே போட்டுட்டேன். வேற யாரோ ஒரு மகராசன் வந்து, "மிக ஆழமான அலசல், நன்றி"ன்னு எழுதிட்டுப் போனான். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்துச்சு. நான் என்ன சொன்னாலும் கேக்கிறதுக்கு அப்ப ஆளே இல்லன்னுதானே அர்த்தம்?

மறைச்சதை எடுத்துவிட்டு ரெண்டு மாசம் கழிச்சு ஒரு திங்கக்கிழமை, அண்ணாச்சி பேர்ல வந்துச்சு. திறந்து பார்த்தா எழுதியிருந்தது வேற ஆளு.

"வணக்கம் அக்கா. நான் அவிய மருமக. மாமாவுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால பக்கவாதம் வந்துட்டுது. பேச்சு வரல, வலது கை வரல. ஞாயித்துக்கிழமை உங்க வீடியோவை மட்டும் போட்டுவிடுவேன். நீங்க சில இடத்துல சொல்லும்போது அந்த வராத கையைக் கொஞ்சம் தூக்குதாவ. மொதல்ல புரியல. இப்பத்தான் தெரிஞ்சது, நீங்க தப்பாச் சொல்லுற இடத்துலதான் தூக்குதாவ. அந்தக் கையை அசைச்சுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாங்க சொன்னா அசைக்க மாட்டுக்காவ. அதனால அக்கா, தப்பா நினைக்காதீங்க, இன்னும் கொஞ்சம் தப்பாச் சொல்லுங்க."

அதை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியாது. கீழ இன்னொரு வரி இருந்துச்சு. "உடம்புக்கு முடியாமப் போறதுக்கு முன்னால மூணு வாரமா உங்களுக்கு எழுதினாவ. நீங்க பதில் போடலியேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ."

மூணு வாரம். நான் மறைச்சு வச்சிருந்த அதே மூணு வாரம். அண்ணாச்சி என்ன எழுதினாவளோ, மறைச்சதை எடுத்தப்புறமும் அது திரும்பி வராம, யார் கண்ணுலயும் படாமப் போயிட்டுது. அதுக்கப்புறம் எழுதுற கையும் போயிட்டுது. என்னாலதான் வந்துச்சுன்னு சொல்லலை. பி.பி. இருந்துச்சாம், மாத்திரையை ஒழுங்காப் போட மாட்டாவளாம். இருந்தாலும் அன்னைக்குச் சோறு இறங்கல.

மருமகளும் நானும் நம்பர் வாங்கிக்கிட்டோம். நான்தான் மறைச்சேன்னு அவகிட்டச் சொல்லல. சொல்லத் தைரியம் இல்ல. ஆனா தப்பு மட்டும் வஞ்சகம் இல்லாமச் சொன்னேன். அது ஒரு தனி வேலைங்க. சும்மா உளறக் கூடாது. ரொம்பச் சின்னத் தப்பா இருந்தா அவிய காதுல விழாது, ரொம்பப் பெரிசா இருந்தா என் மேல உள்ள மரியாதை போயிரும். நோட்டுல எழுதி வச்சு, பேச்சுக்கு நடுவுல நைசா விடுவேன். சாயங்காலம் மெசேஜ் வரும். "ரெண்டு தடவை தூக்கினாவ க்கா." "இன்னைக்கு மூணு. மூணாவதுக்குத் தோள் வரைக்கும் வந்துட்டுது." ஒரு ஞாயிறு நாலு தப்பு வச்சேன், ஒண்ணே ஒண்ணுக்குத்தான் தூக்கினாவளாம். அந்த வாரம் பூரா எனக்குத் தூக்கமே இல்ல.

கடம்பூர் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினா முக்கா மணி நேரம். மருமக கூப்பிடத்தான் செஞ்சா, "வாங்க க்கா, போளி வாங்கி வச்சிருக்கேன்"னு. நான் போகல. கட்டில் பக்கத்துல நின்னு அந்த மூஞ்சியைப் பார்த்து என்ன சொல்லுவேன்? பேச முடியாத மனுசன்கிட்டப் போய், நீங்க பேசினப்ப நான்தான் காதைப் பொத்திக்கிட்டேன்னா சொல்ல முடியும்?

அப்புறம் ஒரு ஞாயிறு. அக்காவும் தங்கச்சியும் இட்லிக் கடை நடத்துற படம் ஒண்ணு. அதுல மூணு தப்பு வச்சேன். சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. "நாலு தடவை தூக்கினாவ க்கா. நாலாவதுக்குத் தூக்கிக்கிட்டே இருந்தாவ, நான் போய் இறக்கிவிட வேண்டியதாப் போச்சு."

நாலா? நான் வச்சது மூணுல்லா? எனக்கு உள்ளுக்குள்ள பழைய சனியன் எந்திரிச்சிட்டுது. படுக்கையில கிடந்துக்கிட்டு என்னையத் தோக்கடிக்காரேன்னு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் தலைகால் புரியாத சந்தோசம். திங்கக்கிழமை படத்தைத் திரும்பப் பார்த்தேன், நோட்டை வச்சு வரிவரியாச் சரிபார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். கிடைக்கவே இல்ல. நான் சொன்னதுல அந்த மூணைத் தவிர எல்லாம் சரிதான். புதன்கிழமை பொறுக்க மாட்டாம மருமகளுக்கே போன் போட்டேன். "ஏட்டி, எந்த இடத்துல தூக்கினாவ? சரியாச் சொல்லு."

"படத்தைப் பத்தி இல்ல க்கா. நீங்க வணக்கமெல்லாம் சொல்லி முடிச்சப்புறம். கடைசியில என்னமோ முனகுதீங்க பாருங்க, அங்கன."

முதல் தடவையா என் வீடியோவை நானே போட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். வணக்கம் சொல்லுதேன். நாற்காலி கிறீச்சுங்குது. எக்ஸ்சேஞ்சுல இருந்தே எனக்கு அந்தப் பழக்கம், லைனை வச்சப்புறம்தான் மனசுல உள்ளதைச் சொல்லுவேன். போனை அணைச்சிட்டேன்னு நினைச்சிருக்கேன், அணையல. என் குரல் கேக்குது, யாரோ வயசான பொம்பளை குரல் மாதிரி. "கத்திக் கத்தி என்னத்தக் கண்டேன். எனக்குன்னு ஒரு நாதி கிடையாது."

அதுக்குத்தான் அவிய கையைத் தூக்கியிருக்காவ. தூக்கினதை இறக்கவே இல்ல.

அடுத்த ஞாயிறுக்கு நான் படமே பார்க்கல. ரெண்டு மணிக்கு ஃபேனை அணைச்சிட்டு உக்காந்தேன். தெருவுல யாரோ மோட்டார் சைக்கிளை உதைச்சுக்கிட்டே இருந்தான், அதெல்லாம் பதிவாகி இருக்கு. அப்புறம் சொன்னேன்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் படம் இல்ல. போன வாரம் கடைசியில நான் சொன்னது தப்பு. எனக்கு ஆள் இருக்கு. கடம்பூர்ல இருக்கு. அந்தக் கிணத்துக் காட்சியில நீங்க சொன்னதுதான் சரி. அது தெரிஞ்சும் கோவத்துல உங்களை என் சேனல்ல இருந்து மறைச்சு வச்சது நான்தான். மூணு வாரம் நீங்க எழுதுனது எதுவும் எனக்கு வரல. வரவிடாமப் பண்ணினது நான். நீங்க பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க."

அவ்வளவுதான். ரெண்டு நிமிசம் கூட இல்ல. ஏத்திவிட்டுட்டு, மருமக கேட்டுட்டு என்ன நினைப்பாளோன்னு போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மெசேஜ் வந்துச்சு.

"மாமா முழுசும் கேட்டாவ க்கா. திரும்பப் போடச் சொல்லிக் கண்ணைக் காட்டினாவ, மூணு தடவை போட்டேன். இன்னைக்குக் கையைத் தூக்கவே இல்ல."

தூக்கலன்னா நான் சொன்னது சரின்னு அர்த்தம். நான் பண்ணினது தப்புங்கிறதும் சரி, எனக்கு ஆள் இருக்குங்கிறதும் சரி. ரெண்டையும் அவிய மறுக்கல.